ஷாஸ் ஆபீசுக்குக் கூட்டம் வந்த நாள்

1

போன செவ்வாய்க்கிழமை இந்த ஊர் மேரியில் ஒன்றரை மணி நேரம் கால் கடுக்க நின்றேன். புதுச்சேரிக்காரர்களுக்கு மேரி என்றால் என்னவென்று சொல்ல வேண்டியதில்லை. மற்றவர்களுக்காகச் சொல்கிறேன், நகராட்சி ஆபீஸ். எதற்கு நின்றேன் என்று கேட்டால் சிரிப்பீர்கள். நான் பிரெஞ்சுக்காரிதான் என்று எழுதி வாங்குவதற்கு! இந்த ஆகஸ்டில் நம் ஊர் காகிதத்திலும் இந்தியாவோடு சேர்ந்துவிட்டதல்லவா, அதனால் என் வீட்டுக்காரர் இருக்கிற பிரெஞ்சுப் பட்டாளத்தில் எல்லாச் சான்றையும் முதலிலிருந்து கேட்கிறார்கள். பிறந்ததற்கு ஒன்று, ஞானஸ்நானத்துக்கு ஒன்று, கல்யாணத்துக்கு ஒன்று. ஆறு வருஷத்துக்கு முன் மர்செய் துறைமுகத்தில் கப்பலை விட்டு இறங்கியபோதும் இதே காகிதங்களைத்தான் நீட்டினேன்.

தூலூஸுக்குப் பக்கத்தில் இருக்கிற சின்ன ஊர் இது. அன்றைக்கு வரிசை முழுக்க வேட்டைக்காரர்கள். வருகிற ஞாயிறு இங்கே வேட்டை சீசன் திறக்கிறது. அனுமதிச் சீட்டைப் புதுப்பிக்க இரண்டு மாதம் அவகாசம் கொடுத்திருந்தும், அத்தனை பேரும் கடைசி வாரத்தில் வந்து நெருக்கியடிக்கிறார்கள். இந்த ஒரு விஷயத்தில் எல்லாத் தேசத்து ஆண்களும் ஒரே ரகம்தான். எனக்கு முன்னால் நின்ற ஒரு தடித்த ஆள், ஏதோ ஒரு முத்திரை விட்டுப்போயிற்று என்று, கம்பிக்குப் பின்னால் இருந்த சின்னப் பெண்ணைப் பிடித்துக் கத்தினான். அவள் முகம் சிவந்துவிட்டது. பின்னாலிருந்து ஒரு கிழவர், "அந்தப் பொண்ணைப் பார்த்து ஏன்யா கத்துறே? ரூலை அவளா எழுதினா?" என்று கேட்டார். உடனே நாலைந்து பேர் அவரோடு சேர்ந்துகொண்டார்கள். தடியன் வாயை மூடிக்கொண்டான்.

என் முறை வந்தது. அந்தப் பெண் என் விவரங்களை எழுதிக்கொண்டே வந்து, "புதுச்சேரியில் என்ன வேலை பார்த்தீர்கள் மதாம்?" என்று கேட்டாள். "வேட்டை அனுமதி ஆபீசில் டைப்பிஸ்ட்," என்றேன். வரிசையே என் பக்கம் திரும்பியது. அதே கிழவர், "புலியா மதாம்? யானையா?" என்று கண்ணை விரித்தார். "முயல், கவுதாரி, காடை," என்றேன். "அதோடு, யாரையும் விட்டுவைக்காத ஒரு கார்தும் இருந்தார்." கார்து என்றால் காவலர். அவரைப் பற்றிச் சொல்லச் சொல்லி அங்கேயே கேட்டார்கள். சொன்னேன். கம்பிக்குப் பின்னால் இருந்த பெண்கூட எழுதுவதை நிறுத்திவிட்டுக் கேட்டாள். வீட்டுக்குத் திரும்பும்போது எனக்குக் கால் தரையில் படவில்லை.

பிரெஞ்சில் சொன்னதில் பாதிதான் வந்தது. மீதியையும் சேர்த்து உங்களுக்குச் சொல்லிவிடுகிறேன். ஐம்பத்தைந்தில் நடந்தது, இந்த மாதத்தோடு ஏழு வருஷம் ஆகிறது.

2

பிரெஞ்சில் ஷாஸ் என்றால் வேட்டை. அதனால் எங்கள் ஆபீசுக்கு ஊரில் ஷாஸ் ஆபீஸ் என்றே பெயர். வாய்க்காலுக்குக் கிழக்கே, பெரிய கட்டடம் ஒன்றின் மூலையில் ஒரே ஒரு அறை. மூன்று மேஜை, ஒரு இரும்பு அலமாரி, பறிமுதல் செய்த துப்பாக்கிகளைச் சாய்த்துவைக்க ஒரு மரச் சட்டம். இருந்ததும் மூன்றே பேர்.

பெரிய கிளார்க் லூர்து முசே, முசே என்றால் ஐயா. எந்தக் காகிதத்தையும் மூன்று முறை வாசிக்காமல் கையெழுத்துப் போடமாட்டார். கல்யாணப் பத்திரிகை கொடுத்தாலும் மூன்று முறைதான். அடுத்தது கார்து கலியபெருமாள் அண்ணன், வில்லியனூர்ப் பக்கத்துக்காரர். மூன்றாவது நான், ரோசாலி, அப்போது வயசு இருபத்திரண்டு.

கலியபெருமாள் அண்ணன் தலையில் எப்போதும் ஒரு கெப்பி இருக்கும், பிரெஞ்சுக்காரர்கள் கொடுத்த கட்டைத் தொப்பி. ஐம்பத்து நாலு நவம்பரில் பிரெஞ்சுக் கொடி இறங்கி நம் கொடி ஏறிய மறுநாளே அதிலிருந்த வில்லையைப் பிடுங்கி ஆபீசில் ஒப்படைத்துவிட்டார். வில்லை இருந்த இடத்தில் ஓட்டை தெரிகிறது என்று அவர் சம்சாரம் ஒரு சட்டைப் பொத்தானை வைத்துத் தைத்திருந்தார். புதுத் தொப்பி வருமா என்று லூர்து முசே கடிதம் எழுதினார். பதில் இல்லை. வெயிலில் ஏரிக்கரை சுற்றுகிற ஆள் வெறுந்தலையோடு எப்படிப் போவார்?

அவர் சட்டம் பிடித்தால் பிடித்ததுதான். சொந்த மச்சான் தடை மாதத்தில் முயல் ஒன்றை அடித்துக்கொண்டு சீர் வரிசைபோல வீட்டுக்கே கொண்டுவந்து நின்றபோது, வாசலிலேயே நிறுத்தி வெர்பால் எழுதினாரே பார்க்கலாம்! வெர்பால் என்பது குற்றத்தை எழுதிக் கையில் கொடுக்கிற சீட்டு. ஒரு நகல் மாட்டிக்கொண்டவருக்கு, ஒன்று ஆபீசுக்கு. அவர் சம்சாரம் ஒரு மாதம் அவரோடு பேசவில்லை, சோறு மட்டும் போட்டார். "பரவால்ல, சோறு வருதே," என்பார் அண்ணன்.

வேட்டைக்காரர்கள் அவரைத் திட்டாத நாள் கிடையாது. திட்டிக்கொண்டே வந்து அனுமதிச் சீட்டைப் புதுப்பித்துக்கொண்டு போவார்கள். பாதித் திட்டு என் காதில்தான் விழும்.

இந்த வெர்பால் படிவங்களில்தான் வினை இருந்தது. எல்லாம் பிரெஞ்சுக்காரர்கள் அச்சடித்து வைத்துவிட்டுப் போனவை. ஒவ்வொன்றின் தலையிலும் கொட்டை எழுத்தில் 'பிரெஞ்சுக் குடியரசின் பெயரால்' என்று இருக்கும். கொடி மாறின பிறகு அதை எப்படிக் கொடுப்பது? புதுப் படிவம் கேட்டும் லூர்து முசே மூன்று கடிதம் எழுதினார். அதற்கும் பதில் இல்லை. கடைசியில் என்னைக் கூப்பிட்டு, "ரோசாலி, புதுசு வர்ற வரைக்கும் ஒவ்வொரு தாள்லயும் அந்த வரிய அடிச்சுடு. ஸ்கேல் வச்சி, செவப்பு மையில, நேரா. அசிங்கமா இருக்கக் கூடாது," என்றார். கட்டுக் கட்டாக அடித்தேன். நான் அடித்த கோடுகளை நீட்டி வைத்திருந்தால் கடலூர் வரைக்கும் போயிருக்கும்.

3

ஆடி ஐந்தாம் வெள்ளி வீராம்பட்டினம் தேர். நான் கோயிலுக்குப் போகிற குடும்பத்துப் பெண் இல்லை, மாதா கோவில் பெண். ஆனால் தேர்க் கடைக்கு மதம் உண்டா? வளையல், ரிப்பன், ராட்டினம் என்று பக்கத்து வீட்டுப் பெண்களோடு வருஷா வருஷம் போய்விடுவேன். அந்த வருஷம் எனக்குப் புது ஜாக்கெட் வேறு தையற்காரரிடம் இருந்தது. வியாழக்கிழமை சாயங்காலம் கடை சாத்துவதற்குள் போக வேண்டும் என்ற அவசரத்தில், கையிலிருந்த கட்டில் பாதிக்கு மட்டும் கோடு போட்டுவிட்டு, மீதியை நாளன்றைக்குப் பார்த்துக்கொள்ளலாம் என்று அப்படியே மேஜையில் வைத்துவிட்டு ஓடினேன்.

அண்ணனுடைய கட்டு அன்றைக்கென்று பார்த்துத் தீர்ந்துபோயிருந்தது. என் மேஜையிலிருந்ததை எடுத்துக்கொண்டு போயிருக்கிறார். எடுத்தவர் மேலே இருந்து கிழிக்காமல், கட்டைத் திருப்பி அடியிலிருந்து கிழித்திருக்கிறார். அது அவர் பழக்கம், மேல் தாள் அழுக்காகிவிடும் என்பார்.

வெள்ளிக்கிழமை ஊரே வீராம்பட்டினத்தில் இருந்தது. கார்தும் தேருக்குத்தான் போயிருப்பான் என்று நினைத்து ஒரு பெரிய மனிதர் ஜீப்பில் ஊசுட்டேரிக்குப் போனார். பெயர் வேண்டாம், ஜீப்காரர் என்றே வைத்துக்கொள்வோம். புது ஆட்சியில் அவருக்குச் செல்வாக்கு அதிகம். அப்போது நாணலுக்குள் கிளுவைகள் குஞ்சு பொரித்திருந்த நேரம். கிளுவை என்றால் சின்ன வாத்து. ஏழெட்டைச் சுட்டுத் தள்ளிவிட்டு நிமிர்ந்தால், கரையில் சைக்கிளைப் பிடித்துக்கொண்டு பொத்தான் தைத்த கெப்பி நிற்கிறது.

பிறகு நடந்ததை அண்ணன் சொல்லக் கேட்டிருக்கிறேன்.

"ஐயா, இது குஞ்சு பொரிக்கிற மாசம். துப்பாக்கியக் குடுங்க."

"நான் யாருன்னு தெரியுமா உனக்கு?"

"தெரியாதுங்க. பேரு சொன்னீங்கன்னா எழுதிக்கிறேன்."

எழுதினார். துப்பாக்கியைத் தோளில் மாட்டிக்கொண்டு சைக்கிளில் வந்து மரச் சட்டத்தில் சாய்த்து வைத்தார்.

சனிக்கிழமை காலை ஆபீஸ் நகலைக் கோப்பில் சேர்க்க எடுத்தேன். 'பிரெஞ்சுக் குடியரசின் பெயரால்', அப்படியே, பளிச்சென்று, கோடு இல்லாமல்! இதன் இன்னொரு நகல் ஜீப்காரர் கையில் இருக்கிறதே என்று அந்த நிமிஷம் எனக்கு உறைக்கவில்லை. அறையில் யாரும் இல்லை. ஸ்கேலை எடுத்துச் சிவப்பு மையில் ஒரு கோடு இழுத்து, ஊதி, காயவைத்து, கோப்பில் சொருகிவிட்டேன். ஒரு தப்பைச் செய்தவளுக்கு அதை மூடி மறைக்கிற புத்தியும் கூடவே வந்துவிடுகிறது.

4

இங்கே கொஞ்சம் மூச்சு விட்டுக்கொள்கிறேன், என் மகன் மிஷேல் பள்ளியிலிருந்து வந்துவிட்டான். வயசு ஐந்து. நான் தமிழில் கேட்டால் அவன் பிரெஞ்சில் பதில் சொல்கிறான். அவனைப் பொறுத்தவரை தமிழ் என்பது அம்மாவுக்குக் கோபம் வரும்போது வெளியே வருகிற ஒரு பாஷை. நேற்று இந்தக் கதையை அவனுக்குச் சொன்னேன். கிளுவை என்றதும் விழித்தான். வாத்துக் குஞ்சு என்று பிரெஞ்சில் சொன்னேன். "அம்மா, நீ அந்த எழுத்தைத் தப்பாகச் சொல்கிறாய்," என்று என் உதட்டைப் பிடித்துத் திருத்துகிறான் குட்டிப் பயல். நான்கு வருஷம் பிரெஞ்சில் டைப் அடித்தவளுக்கு இந்த மரியாதை!

வந்த புதிதில் நான் பட்ட பாடும் கொஞ்சமில்லை. யார் வீட்டுக்குப் போனாலும் "காப்பி சாப்பிடுகிறீர்களா?" என்பார்கள். நான் மரியாதையாக "மெர்சி" என்பேன். நன்றி, கொடுங்கள் என்று அர்த்தம் பண்ணிக்கொண்டு உட்கார்ந்திருப்பேன். காப்பி வராது. அப்படி ஒரு கேள்விக்கு வெறும் 'மெர்சி' சொன்னால் இங்கே 'வேண்டாம்' என்று அர்த்தமாம். முதல் குளிர்காலம் முழுக்க ஊரெல்லாம் போய் ஒரு வாய் காப்பி கிடைக்காமல் திரும்பினேன். எவ்வளவு கஞ்சத்தனமான ஜனங்கள் என்று அம்மாவுக்குக் கடிதம் வேறு எழுதிவிட்டேன். உண்மை தெரிந்த பிறகு அதற்கு மறுப்புக் கடிதம் எழுதவில்லை, எழுதியிருக்க வேண்டும்.

மிஷேல் கேட்ட ஒரு கேள்விக்கு மட்டும் எனக்குப் பதில் சொல்ல நேரம் பிடித்தது. "நீ ஏன் அப்பவே சொல்லலை?" என்று கேட்டான்.

5

பத்து நாளில் புயல் அடித்தது. உள்ளூர் வாரப் பத்திரிகை ஒன்றில் முதல் பக்கத்திலேயே வந்துவிட்டது. சுதந்திர மண்ணில் இன்னும் பிரெஞ்சுக் குடியரசின் பெயரால் இந்தியனின் துப்பாக்கியைப் பிடுங்குகிறார்கள், இந்த ஆபீஸ் எஜமானர் போன பிறகும் வாலாட்டிக்கொண்டிருக்கிறது, கார்து இன்னும் பரங்கித் தொப்பியைக் கழற்றவில்லை, வேட்டைக்காரர்கள் எல்லாரையும் வதைக்கிறார்கள், மூன்று பேரையும் வீட்டுக்கு அனுப்ப வேண்டும் என்று ஒரு பக்கத்துக்கு எழுதியிருந்தார்கள். ஜீப்காரரின் நகலைப் படம் பிடித்தும் போட்டிருந்தார்கள்.

விசாரணை என்று உத்தரவு வந்தது. அது முடிகிற வரை கலியபெருமாள் கெப்பியையும் சைக்கிளையும் ஒப்படைத்துவிட வேண்டும். நிரூபணமானால் வேலை போகும். அவருக்கு நாலு பிள்ளைகள். வேலையில்லாத ஆள் வீட்டில் இருக்கலாம்தானே? இருக்கமாட்டார். தினமும் வில்லியனூரிலிருந்து நடந்தே வந்து, தலையில் துண்டைப் போட்டுக்கொண்டு ஆபீஸ் பெஞ்சில் உட்கார்ந்திருப்பார். அவர் பாதத்துத் தூசியைப் பார்க்கப் பார்க்க எனக்குச் சோறு இறங்கவில்லை.

லூர்து முசே கோப்பை எடுத்து மூன்று முறை வாசித்தார். பத்திரிகைப் படத்தையும் பக்கத்தில் வைத்தார். வெளுத்துப்போய்விட்டார். "ஆபீஸ் நகல்ல கோடு இருக்குது. அவரு நகல்ல இல்ல. பின்னால போட்டிருக்காங்க. இது திருத்தல்! கலியபெருமாள், நீயா போட்டே?"

அண்ணன் என்னை ஒரு பார்வை பார்த்தார். சிவப்பு மை யார் மேஜையில் இருக்கும் என்று அவருக்குத் தெரியாதா? "ஆமா முசே, நான்தான்," என்றார்.

நான் எழுந்து சொல்லியிருக்க வேண்டும். சொல்லவில்லை. மத்தியானம் கிணற்றடியில் அவரைப் பிடித்தேன்.

"அண்ணே, ஏன் அப்டி சொன்னீங்க? நான் சொல்லிடறேன்."

"சும்மா இரு ரோசாலிம்மா. உனக்கு நிச்சயம் ஆயிருக்குது. மாப்பிள்ள பட்டாளம். பேப்பருல உன் பேரு வந்தா நல்லாருக்குமா? எனக்கு எப்டியும் போவப் போற வேலைதான். இதுவும் என் கணக்குலயே போவட்டும்."

இதைக் கேட்டு எனக்குள் ஒரு ஓரத்தில் 'அப்பாடா' என்று இருந்தது. அந்த 'அப்பாடா'வுக்காக இன்றைக்கும் என்னை நானே திட்டிக்கொள்கிறேன். மிஷேலுக்கும் இதைத்தான் சொன்னேன்: அம்மாவுக்குப் பயம் கண்ணு, வேறொன்றும் இல்லை.

6

புகார் உள்ளவர்கள் இன்ன தேதியில், தக்க ஆதாரத்தோடு, எங்கள் ஆபீசுக்கே வந்து விசாரணை அதிகாரி முன் சொல்லலாம் என்று மார்க்கெட்டில் அறிவிப்பு ஒட்டினார்கள். தொலைந்தோம் என்று லூர்து முசே நெற்றியில் சிலுவை போட்டுக்கொண்டார். புகார் இல்லாத வேட்டைக்காரன் ஒருவன் உண்டா அந்த ஊரில்?

இரண்டாம் நாள் அஜுதான் மரியதாஸ் ஆபீசுக்குள் நுழைந்தார். சைகோனில் பிரெஞ்சுப் பட்டாளத்தில் அஜுதான் பதவியில் இருந்து ஓய்வு பெற்று வந்தவர், மீசையே ஒரு முழம். கலியபெருமாள் அண்ணன் அவரை இரண்டு முறை பிடித்து எழுதியிருக்கிறார். அண்ணன் எதிரே வந்தால் தரையில் துப்பிவிட்டுப் போகிறவர். வந்தவர் பெஞ்சில் உட்கார்ந்திருந்த அண்ணனை மேலும் கீழும் பார்த்தார்.

"தொப்பி எங்கடா?"

"வாங்கிக்கிட்டாங்க முசே."

"அந்த ஜீப்பு ஆள எழுதினதுக்கா?"

"ஆமாங்க."

அஜுதானுக்கு முகம் சிவந்தது. "இன்னாங்கடா இது அக்கிரமம்! என்னை எழுதினப்ப வேலை போவல. அவன எழுதினா மட்டும் போவுமா? அப்ப என்னை எழுதினதுக்கு இன்னா அர்த்தம்? நான் இளிச்சவாயன், அவன் மட்டும் பெரிய மனுசனா?" என்று மேஜையில் ஓங்கி ஒரு தட்டு தட்டினார். மைப்புட்டி துள்ளியது. "ரெண்டு வெர்பாலும் ஊட்டுல பெட்டியில இருக்குது. கொண்டாரேன்!"

அன்றைக்கே சைக்கிளை எடுத்துக்கொண்டு வேட்டைக்காரர்கள் வீடு வீடாகப் போகத் தொடங்கினார். மூலக்குளம், வில்லியனூர், ஏரியைச் சுற்றி இருக்கிற ஊர்கள், வடக்கே கனகசெட்டிக்குளம் வரை. என்ன சொன்னார் என்று பின்னால்தான் தெரிந்தது. "கார்து உங்க மேல எழுதின வெர்பால எடுத்துட்டு வாங்க. ஒருத்தனும் துப்பாக்கி தூக்கிட்டு வராதீங்க. தடை மாசம், கலியபெருமாள் அதுக்கு வேற எழுதிடுவான்."

ஆனால் அப்போது எங்களுக்கு இது எதுவும் தெரியாது. அவர் கத்தியதையும் தன்னை எழுதியதற்கான கோபம் என்றே எடுத்துக்கொண்டோம். வேட்டைக்காரர்கள் எல்லாரும் அவரவர் வெர்பாலைத் தேடி எடுத்து வைத்திருக்கிறார்கள் என்ற செய்தி மட்டும்தான் வந்தது. தேடி எடுத்து எதற்கு? எங்கள் கழுத்தில் கட்டத்தான் என்று நினைத்தோம்.

7

விசாரணை நாள். அதிகாரி மெட்ராஸ் பக்கத்திலிருந்து வந்தவர், கதர்ச் சட்டை, மெல்லிசான குரல், பிரெஞ்சு ஒரு எழுத்தும் தெரியாது. ஜீப்காரர் முன் நாற்காலியில் கால்மேல் கால் போட்டு உட்கார்ந்திருந்தார். பத்து மணிக்கு வேட்டைக்காரர்கள் வந்தார்கள், வந்தார்கள், வந்துகொண்டே இருந்தார்கள். அறை நிரம்பி, தாழ்வாரம் நிரம்பி, தெருவில் நின்றார்கள். ஒவ்வொரு கையிலும் ஒரு சீட்டு.

அதிகாரி தொண்டையைச் செருமினார். "இந்த ஆபீசால தொந்தரவு அனுபவிச்சவங்க யார் யார்? கையத் தூக்குங்க."

அத்தனை கையும் மேலே போயிற்று! ஜன்னலுக்கு வெளியே இருந்தவர்கள்கூடத் தூக்கினார்கள். ஜீப்காரர் மீசைக்குள் சிரித்தார்.

"சொல்லுங்க," என்றார் அதிகாரி.

அஜுதான் மரியதாஸ் முன்னால் வந்து விறைப்பாக நின்றார். "ரெண்டு தரம் எழுதினான் சார் என்னை. மொதல் தரம், தடை மாசத்துல காடை. ரெண்டாவது, சீட்டு இல்லாம துப்பாக்கி. ரெண்டும் நான் பண்ணதுதான். என் துப்பாக்கி அதோ அந்தச் சட்டத்துல நாலு மாசம் நின்னுது."

"அப்ப இது தொந்தரவுதான?"

"பெருந் தொந்தரவு சார்! ஆனா நியாயமான தொந்தரவு."

அடுத்தவர் மூலக்குளத்து விவசாயி முத்துக்கிருஷ்ணன். "சார், நான் முட்டையில ஒக்காந்திருந்த கவுதாரிய அடிச்சேன். புடிச்சிட்டான். கால்ல உழுந்தேன், உடல. காட்டுத்தனமா திட்டினேன், அப்பவும் உடல. ஒரு சீசன் முழுக்க எனக்கு வேட்டை கெடையாது. அன்னைக்கு இந்த ஜீப்பு ஆள உட்டுட்டு இருந்தான்னா, நானே அவன ஊருக்குள்ள வர உட்டிருக்க மாட்டேன்."

இப்படி ஒவ்வொருவராக வந்து, அவரவர் குற்றத்தை அவரவர் வாயாலேயே அரசாங்க அதிகாரி முன்னால் ஒப்புக்கொண்டார்கள். சிலர் அதிகமாகவே ஒப்புக்கொண்டார்கள். எழுதாததையும் சேர்த்துச் சொன்னார்கள். அண்ணனுடைய மச்சானும் வந்திருந்தார். "சார், நான் இவரு பொண்டாட்டியோட கூடப்பொறந்தவன். என்னையே எழுதினாரு," என்றார். தாழ்வாரம் சிரிப்பில் அதிர்ந்தது. ஜீப்காரரின் கால் கீழே இறங்கிவிட்டது.

அதிகாரி மேஜையில் குவிந்த சீட்டுகளைப் புரட்டினார். "போன நவம்பருக்கு அப்புறம் குடுத்தது எல்லாத்துலயும் தலைப்புல செவப்புக் கோடு இருக்கே?"

லூர்து முசே எழுந்து காரணம் சொன்னார். பதில் வராத கடிதங்களின் நகல்களையும் ஒன்றன்மேல் ஒன்றாக வைத்தார். அதிகாரி அவற்றை வாசித்தார். அவர் காது கொஞ்சம் சிவந்தது.

"சரி. இவர் நகல்ல மட்டும் கோடு இல்ல. ஆபீஸ் நகல்ல இருக்கு. அது யார் போட்டது?"

கலியபெருமாள் அண்ணன் பெஞ்சிலிருந்து எழுந்தார். தலைத் துண்டைக் கையில் எடுத்தார். "நான்தானுங்க."

அவ்வளவு பேர் தங்கள் தப்பைத் தாங்களே சொல்லிவிட்டு நிற்கிற அறையில், சொல்லாமல் உட்கார்ந்திருந்தவள் நான் ஒருத்திதான். அது என்னை நாற்காலியிலிருந்து தூக்கிவிட்டது.

"அவர் இல்லைங்க! நான். கோடு போடுறது என் வேலை. தேருக்கு மொத நாள் ஜாக்கெட் வாங்க ஓடிட்டேன். போடாத தாளை அவர் எடுத்துட்டுப் போயிட்டார். சனிக்கெழம பார்த்துட்டுப் பயத்துல ஆபீஸ் நகல்ல நானே போட்டேன். அவருக்கு ஒண்ணும் தெரியாது. என் நிச்சயம் முறிஞ்சிடும்னு என்னைக் காப்பாத்தப் பொய் சொல்றார்."

அழுதேனா என்றால் அழுதேன். மூக்கு ஒழுக அழுதேன். ஆனால் முழுசாகச் சொல்லிவிட்டேன்.

ஜீப்காரர் துள்ளி எழுந்தார். "பார்த்தீங்களா! கூட்டுச் சதி! பிரெஞ்சுக்காரன் விட்டுட்டுப் போன கும்பல்!"

அதிகாரி அவர் பக்கம் திரும்பினார். குரல் அப்போதும் மெல்லிசாகவே இருந்தது. "ஐயா, நீங்க அன்னைக்கு ஏரியில சுட்டீங்களா, இல்லையா?"

"அது வேற விஷயம்."

"இல்லீங்க. அதுதான் விஷயம். அந்த நகலைக் குடுங்க."

வாங்கினார். என்னைப் பார்த்து, "ஸ்கேலும் செவப்பு மையும் எடுத்துட்டு வாம்மா. எல்லாரும் பார்க்கப் போடு," என்றார். அத்தனை கண்ணும் பார்க்க, ஸ்கேல் நழுவிக் கோடு ஒரு பக்கம் ஏறி இறங்கியது. நான் போட்டதிலேயே மகா கோணலான கோடு அதுதான். அதிகாரி அதன் ஓரத்தில் கையெழுத்திட்டு ஜீப்காரரிடமே திருப்பிக் கொடுத்தார். "இப்ப செல்லும். துப்பாக்கி சீசன் முடியற வரைக்கும் சட்டத்துலயே இருக்கட்டும். கார்தோட தொப்பியையும் சைக்கிளையும் உடனே குடுத்துடுங்க." பிறகு என்னிடம், "உனக்கு எழுத்து மூலமா எச்சரிக்கை. மெமோ தரணும். இங்க டைப் அடிக்கிறது யாரு?"

"நான்தாங்க," என்றேன்.

"அப்ப நீயே அடி."

எனக்கான மெமோவை நானே உட்கார்ந்து அடித்தேன். ஒரு பிழையில்லாமல் அடித்தேன்!

ஜீப்காரர் கூட்டத்தைப் பிளந்துகொண்டு வெளியே போனதும் தெருவே கூச்சலிட்டது. அஜுதான் மரியதாஸ் பொத்தான் தைத்த கெப்பியை இரண்டு கையாலும் தூக்கி அண்ணன் தலையில் வைத்து, பட்டாளத்து சலாம் ஒன்று அடித்தார். அண்ணன் அதை நேராக்கிக்கொண்டார். என் பக்கத்தில் வந்து, "பேப்பருல பேரு வந்துடுமே பாப்பா," என்றார். "வரட்டும் அண்ணே," என்றேன். வந்தது. நிச்சயம் முறியவில்லை. இதை எழுதும்போது அந்தப் பட்டாளத்து மாப்பிள்ளை அடுத்த அறையில் குறட்டை விட்டுக்கொண்டிருக்கிறார்.

வேட்டைக்காரர்கள் கலைவதாக இல்லை. முத்துக்கிருஷ்ணனுக்கு ஆனந்தம் தாங்கவில்லை. ஜன்னல் திண்டில் ஏறி நின்று, "எல்லாரும் மூலக்குளத்துக்கு வாங்க! எங்க ஊட்டுல சோறு! நேத்துதான் நாலு நாமக்கோழி அடிச்சி வச்சிருக்கேன்!" என்று கத்தினார்.

நாமக்கோழி குளத்துப் பறவை, வேட்டை திறக்க இன்னும் மூன்று வாரம் இருந்தது. முத்துக்கிருஷ்ணன் கையால் வாயைப் பொத்திக்கொண்டார். எல்லாக் கண்ணும் அண்ணன் பக்கம் திரும்பின. அண்ணனுக்காக மூலக்குளத்திலிருந்து நடந்து வந்த மனிதர் முத்துக்கிருஷ்ணன். அண்ணன் கண்ணில் தண்ணீர் நின்றது. அப்படியே பைக்குள் கையை விட்டு வெர்பால் கட்டை எடுத்தார், பென்சிலை நாக்கில் தொட்டுக்கொண்டார்.

"எறங்கி வாங்க முத்துக்கிருஷ்ணா. எந்தக் கொளத்துல அடிச்சீங்க?"

முத்துக்கிருஷ்ணன் குதித்து இறங்கினார். அண்ணனை அப்படியே கட்டிப்பிடித்துக்கொண்டார். "எழுதுய்யா! எழுது! இதுக்குத்தான்யா வந்தோம்!" என்றார். கூட்டம் கைதட்டியது. ஊரே சுற்றி நிற்க, ராஜா மாதிரி நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு, தன்மேல் எழுதின வெர்பாலில் அவர் கையெழுத்துப் போட்டார்.